அடைச்ச அறையில என்ன இருந்துச்சு? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் சிவில் முடிச்சிட்டு ரெண்டு வருஷமா கல்கத்தாவுல மெட்ரோ வேலையில சைட் இன்ஜினியரா இருக்கேன், சொந்த ஊர் தென்காசி பக்கம். நீங்க கல்கத்தாவுல இருந்த நாட்களைப் பத்தி எழுதின கட்டுரையில, ஞாயித்துக்கிழமை ஆனா நேஷனல் லைப்ரரிக்குப் போய் உக்காந்துக்குவேன்னு ஒரு வரி வரும். அது மனசுல நின்னுடுச்சு. போன மாசம் ரூம்ல இருக்கிற பசங்களோட அலிப்பூர் ஜூவுக்குப் போனப்ப, நான் மட்டும் கழண்டுக்கிட்டு லைப்ரரி காம்பவுண்டுக்குள்ள போனேன். அந்தப் பெரிய வெள்ளை வீட்டைப் பார்த்து அசந்துட்டேன் சார். ஆனா உள்ள படிக்கிறவங்க யாருமே இல்ல. படிக்கிற இடம் பக்கத்துல புதுக் கட்டடம்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

ரூமுக்கு வந்து யூடியூப்ல தேடினா, அந்த வீட்டுக்கு அடியில கதவே இல்லாத ரகசிய அறை இருக்கு, வெள்ளைக்காரன் ஆளுங்களை உள்ள வச்சு சமாதி கட்டிட்டான், புதையல் இருக்கு, ஹேஸ்டிங்ஸ்னு ஒரு வெள்ளைக்கார துரையோட பேய் வருதுன்னு ஏகப்பட்ட வீடியோ. இதுல எது நிஜம்? நல்லா இருக்கிற வீட்டை விட்டு லைப்ரரி ஏன் வெளிய வந்துச்சு? கடைசியா ஒண்ணு, தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க. நம்மள அடிமையா வச்சிருந்தவன் குடியிருந்த வீட்டை இவ்ளோ செலவு பண்ணி ஏன் காப்பாத்தணும்? இடிச்சிட்டு லைப்ரரிக்குன்னே நல்லதா ஒண்ணு கட்டியிருக்கலாமே?

எம்.

அன்புள்ள எம்,

மன்னிப்பெல்லாம் எதுக்கு, கேக்க வேண்டிய கேள்விதான். நானும் இதையெல்லாம் மனசுக்குள்ள பல தடவை கேட்டுக்கிட்டவன். பதில் நீளமாப் போகும், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த அறை, ஏன்னா அதைச் சொல்லாம வேற எது சொன்னாலும் உங்க காதுல ஏறாது. 2010-ல தொல்லியல் துறை ஆளுங்க நீங்க பார்த்த அந்த வெள்ளை வீட்டை, பேரு பெல்வெடியர், ரிப்பேர் பண்ண அளவெடுத்துக்கிட்டு இருந்தப்ப தரைத்தளத்துல ஒரு இடத்துல கணக்கு உதைச்சிருக்கு. சுத்தி எல்லாப் பக்கமும் அறை இருக்கு, நடுவுல ஏறக்குறைய 1000 சதுர அடிக்கு ஒரு இடம், அதுக்குக் கதவு இல்ல, ஜன்னல் இல்ல, மேல இருந்து இறங்க வழியும் இல்ல. ஒரு பக்கம் ஒரு ஆர்ச் இருந்து அதையும் செங்கல் வச்சு அடைச்சிருக்காங்க. பேப்பர்க்காரங்க சும்மா இருப்பாங்களா, தண்டனை அறை, புதையல் அறைன்னு எழுதித் தள்ளினாங்க. நீங்க பார்த்த வீடியோ எல்லாம் அந்தச் சமயத்துல கிளம்பின கதைங்கதான், அதுக்கு மேல அவங்க விசாரிக்கவே இல்ல. 2011-ல தொளை போட்டுப் பார்த்தாங்க. உள்ள மண்ணு. அடியில இருந்து மேல வரைக்கும் இறுக்கி ரொப்பின மண்ணு. எலும்பும் இல்ல, பெட்டியும் இல்ல. கட்டடத்துக்கு அடிப்பலம் வேணும்னு அந்தப் பகுதியை மண்ணு போட்டுக் கெட்டியாக்கியிருக்காங்கன்னு முடிவாச்சு.

உங்களுக்கு இது விளங்க நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம். நம்ம ஊர்ல வீடு கட்டினா பேஸ்மட்டம் எழுப்பி மண்ணு ரொப்பி தண்ணி விட்டு திம்ஸ் போட மாட்டாங்களா, அதேதான், ஆள் உயரத்துக்கு மேல, பங்களா சைஸுக்கு. கல்கத்தா நிலம் என்ன நிலம்னு மெட்ரோவுல இருக்கிற உங்களுக்குத் தெரியாததா? ஆத்து வண்டல், ஈரக் களிமண்ணு. 2019-ல பௌபஜார்ல மெட்ரோ சுரங்கம் தோண்டினப்ப மேல இருந்த பழைய வீடுங்க விரிசல் விட்டதை உங்க சீனியர்ஸ் கதை கதையா சொல்லியிருப்பாங்க. அந்த மண்ணு மேல இருநூறு வருஷத்துக்கு முன்னால ஆழத்துக்கு இறக்குற பைல் தூண் இல்லாம, கம்பி இல்லாம, செங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கிங்கற செங்கல் தூளும் மட்டும் வச்சு அவ்ளோ பெரிய வீட்டை நிறுத்தணும்னா கொத்தனார் என்னதான் பண்ணுவான், எங்க பாரம் அதிகமோ அங்க ஓட்டை வைக்காம அடைப்பான். எனக்கு அந்த மண்ணுச் செய்தி வந்தப்ப ஏமாத்தமே இல்ல எம், நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சு. பேர் தெரியாத ஏதோ ஒரு வங்காளி மேஸ்திரி யோசிச்ச யோசனை அந்தச் சுவருக்குள்ள அப்படியே இருந்திருக்கு, அங்க இருந்த அத்தனை வெள்ளைக்கார லாட்டுங்களும் அது மேலதான் நடந்து போயிருக்காங்க.

பேய் விஷயமும் சுருக்கமா சொல்லிடறேன். ஹேஸ்டிங்ஸ் ராத்திரி குதிரை வண்டியில வந்து இறங்கி காணாமப் போன காகிதங்களைத் தேடறார்ங்கற கதை ஹேஸ்டிங்ஸ் ஹவுஸ்னு அதே அலிப்பூர்ல இருக்கிற வேற வீட்டோட கதை. அங்க இப்ப பொம்பளைப் பிள்ளைங்களுக்கு ஆசிரியர் பயிற்சிக் காலேஜ் நடக்குது. ரெண்டும் பழைய வீடு, ரெண்டுலயும் ஹேஸ்டிங்ஸ் பேர் வருது, அதனால ஒண்ணாக்கிட்டாங்க.

நிஜமா நடந்த ஒண்ணு இருக்கு, பேய்க் கதையைவிட அழுத்தமானது. 1780 ஆகஸ்ட் 17 விடிகாலையில கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் அவரோட கவுன்சில்ல உறுப்பினரா இருந்த பிலிப் பிரான்சிஸும் அந்த வீட்டுப் பக்கத்து ரோட்டுல மரத்தடியில துப்பாக்கியோட எதிரெதிரா நின்னாங்க. அலிப்பூர்ல இன்னும் டூயல் அவென்யூன்னு தெரு இருக்கு, அடுத்த தடவை போனா போர்டைப் பாருங்க. பிரான்சிஸ் நேர்மையும் நாணயமும் இல்லாத ஆள்னு ஹேஸ்டிங்ஸ் கவுன்சில் காகிதத்துலயே எழுதிட்டார், அதுல கிளம்பின சண்டை. ரெண்டு பேருக்குமே துப்பாக்கி பழக்கம் கிடையாது. பிரான்சிஸோட மருந்து நமத்துப் போய் முதல்ல வெடிக்கல, வேற மருந்து போட்டுக் குடுத்து திரும்ப நிக்க வச்சாங்க. ஹேஸ்டிங்ஸ் குண்டு பிரான்சிஸ் மேல பாஞ்சுது. அடிபட்டவரைத் தூக்கிக்கிட்டுப் போனது எங்கன்னா இந்த பெல்வெடியர் வீட்டுக்குத்தான். அதுக்கு முன்னால அது ஹேஸ்டிங்ஸோட வீடு, அவர் டாலிங்கறவருக்கு வித்துட்டார். டாலின்னா யாருன்னு கேக்கறீங்களா, நீங்க தினமும் வாயால சொல்ற டாலிகஞ்ச் அவர் பேருதான். வில்லியம் டாலி, பழைய கங்கை ஓடின தடத்தை, அந்த ஆதிகங்கையைத் தோண்டிக் கால்வாயாக்கினவர், டாலி நாலான்னு இன்னும் அவர் பேர்லதான் ஓடுது. உங்க மெட்ரோ டாலிகஞ்சைத் தாண்டித் தெக்கால போறப்ப தூண் இறங்கி நிக்கிறது அந்தக் கால்வாய்லதான்.

பிரான்சிஸ் பிழைச்சார். பிழைச்சு இங்கிலாந்து போய் ஹேஸ்டிங்ஸ் மேல விசாரணை வர்றதுக்குப் பின்னால நின்னு வேலை பார்த்தார். 1788-ல தொடங்கின விசாரணை 1795-ல தான் முடிஞ்சுது, ஹேஸ்டிங்ஸ் விடுதலை ஆனார். வங்காளத்தைச் சுரண்டினது போதாதுன்னு அதை யார் சுரண்டறதுன்னு இவங்களுக்குள்ள சண்டை. உங்க மூணாவது கேள்வியில இருக்கிற கோபம் நியாயமானதுங்கறதுக்காகத்தான் இதைச் சொல்றேன், அந்த வீடு சுத்தமான வீடு இல்ல. அந்த இடமே மீர் ஜாபர் ஹேஸ்டிங்ஸுக்குக் குடுத்ததுன்னு ஒரு பேச்சு பரம்பரையா உண்டு. மீர் ஜாபர்னா பிளாசி யுத்தத்துல நவாபைக் காட்டிக் குடுத்தவர், வங்காளத்துல இன்னைக்கும் துரோகின்னு திட்டணும்னா அந்தப் பேரைத்தான் சொல்லித் திட்டுவாங்க.

அப்புறம் கை மாறி கை மாறி, 1854-ல கம்பெனி அதை வாங்கி வங்காளத்து லெப்டினன்ட் கவர்னருக்கு வீடாக்குச்சு. ஹாலிடேங்கறவர்தான் முதல் ஆள். ஒவ்வொருத்தரும் வந்து ஒவ்வொண்ணு சேர்த்தாங்க, இன்னைக்கு நீங்க பார்க்கிற அந்த இத்தாலி மோஸ்தர் முகம், தூண் வரிசை, அகலமான படிக்கட்டு எல்லாம் ஒரே நாள்ல ஒரே கையால வந்தது இல்ல. 1911 டிசம்பர்ல தலைநகரம் டெல்லின்னு அறிவிச்சாங்க. அடுத்த வருஷம் வங்காளத்துக்குத் தனியா கவர்னர் வந்து டவுன்ல இருந்த பெரிய மாளிகைக்குப் போயிட, பெல்வெடியர் வைஸ்ராய் எப்பவாவது கல்கத்தா வந்தா தங்குற வீடா ஆச்சு. யோசிச்சுப் பாருங்க, சுத்தி முப்பது ஏக்கர், வருஷத்துல சில நாள் தங்குறதுக்கு.

புத்தகத்தோட கதை வேற பக்கம் நடந்துக்கிட்டு இருந்துச்சு. 1836-ல கல்கத்தா பப்ளிக் லைப்ரரின்னு ஊர்க்காரங்க சேர்ந்து ஆரம்பிச்சாங்க, 300 ரூபா கட்டினவங்க உரிமைக்காரங்க, முதல் உரிமைக்காரர் துவாரகநாத் தாகூர், ரவீந்திரருக்குத் தாத்தா. அந்தக் காலத்துல 300 ரூபாங்கறது சாமானியன் நினைச்சும் பார்க்க முடியாத காசு, ஆனாலும் ஏழை மாணவங்க கொஞ்ச காலத்துக்கு இலவசமா படிச்சுக்கலாம்னு ஒரு ஏற்பாடும் வச்சிருந்தாங்க. நாளாக நாளாக அது நலிஞ்சு போச்சு. அரசாங்க ஆபீஸ் லைப்ரரிங்களை ஒண்ணு சேர்த்து இம்பீரியல் லைப்ரரின்னு ஒண்ணு இருந்துச்சு, ஆனா அதுல பெரிய அதிகாரிங்கதான் நுழைய முடியும். அப்ப வைஸ்ராயா இருந்த கர்சன் இந்த ரெண்டையும் ஒண்ணாக்கி 1903 ஜனவரி 30 அன்னைக்கு மெட்காஃப் ஹால்ல எல்லாருக்கும் திறந்து விட்டார். நாலு வருஷம் கழிச்சு அதுக்கு முதல் இந்திய நூலகரா வந்தவர் ஹரிநாத் டே. ஏறக்குறைய 34 மொழி கத்தவர், 34 வயசுல 1911-ல செத்துப் போயிட்டார். வயசும் மொழியும் ஒண்ணா இருக்கேன்னு நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகும்.

அதுக்கப்புறம் அந்தப் புத்தகங்க ஒரு இடத்துல நிலையா இருக்கல. மெட்காஃப் ஹால்ல இருந்து எஸ்பிளனேடு, யுத்தத்துல ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு சித்தரஞ்சன் அவென்யூவுல ஜபாகுசும் ஹவுஸ், அது ஒரு தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க் கம்பெனி கட்டடம், யுத்தம் முடிஞ்சு திரும்ப எஸ்பிளனேடு. சுதந்திரம் வந்ததும் ரெண்டு விஷயம் ஒண்ணா நடந்துச்சு. 1948-ல சட்டம் போட்டு இம்பீரியல்ங்கற பேரை எடுத்துட்டு நேஷனல் லைப்ரரின்னு வச்சாங்க, வைஸ்ராய் தங்குற பெல்வெடியரை அதுக்குக் குடுத்தாங்க. அந்தச் சட்டம் வந்தப்ப வைஸ்ராய்ங்க உக்காந்திருந்த நாற்காலியில கவர்னர் ஜெனரலா இருந்தவர் நம்ம ராஜாஜி. 1953 பிப்ரவரி 1 அன்னைக்கு மௌலானா ஆசாத் வந்து பெல்வெடியரை வாசகருங்களுக்குத் திறந்து வச்சார். நூலகரா இருந்தவர் பி.எஸ். கேசவன். இந்திய மொழிகள்ல வர்ற புத்தகங்களுக்கு எல்லாம் சேர்த்து தேசிய நூற்பட்டியல்னு ஒண்ணு 1958-ல வெளிவந்துச்சுன்னா அவர்தான் காரணம்.

இப்ப உங்க ரெண்டாவது கேள்விக்கு வர்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமும் இதுதான்.

நான் 1994-ல கல்கத்தா போனேன். லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மெஸ்ல தங்கியிருந்தேன், அங்கதான் நம்ம ஆளுங்க அதிகம், இட்லி கிடைக்கும், கறிவேப்பிலை கிடைக்கும். மே மாசம். கல்கத்தா மே மாசம் உங்களுக்குத் தெரியும், வெயிலைவிட புழுக்கம்தான் ஆளைக் கொல்லும். ஞாயித்துக்கிழமை ரூம்ல படுக்க முடியாம லைப்ரரிக்குப் போனவன் நான், படிப்பு ஆர்வத்துலன்னு பொய் சொல்ல மாட்டேன், முதல் நாள் நிழலுக்குத்தான் போனேன். அந்தப் படிக்கட்டு ஏறி உள்ள போய், ஆட்டம் பாட்டம் நடந்த பெரிய ஹால்ல நீளமா மேஜை போட்டிருப்பாங்க, அதுல ஒரு ஓரமா உக்காந்தேன். கூரை எங்கயோ மேல இருந்துச்சு. மேஜைக்கு மேஜை பெரியவங்க, காலேஜ் பிள்ளைங்க, வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற பசங்க, வேட்டி கட்டின ஒரு வங்காளிக் கிழவர் பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டு ஏதோ எழுதிக்கிட்டே இருந்தார். யாரும் யாரையும் பார்க்கல. எங்க அப்பா கோயம்புத்தூர்ல மில்லுல வேலை பார்த்தவர். வைஸ்ராய் விருந்து வச்ச ஹால்ல நான் நாற்காலி இழுத்துப் போட்டு உக்காந்திருக்கேன், எந்திரின்னு சொல்ல யாரும் இல்ல. அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்கு எழுதின இன்லேண்ட் லெட்டர்ல இதைத்தான் எழுதினேன், வேற எதுவும் எழுதல.

அங்க உக்காந்து உக்காந்துதான் அந்த வீடு எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுது. கல்கத்தாவுல பழைய பெரிய வீடு எதைப் பார்த்தாலும் ஒரு முறை இருக்கும். கீழ்த்தளம் குட்டையா, ஈரத்துக்கும் வெள்ளத்துக்கும் விட்டுக் குடுத்த மாதிரி, சாமானும் வேலைக்காரங்களும் இருக்கிற இடம். மனுஷன் வாழ்றது மாடியில. தெக்கால வராந்தா, ஏன்னா வங்காளத்துக்குக் காத்து தெக்க கடல்ல இருந்து வரணும், தொகினா பாதாஸ்னு அவங்க அதை சாமி மாதிரி சொல்லுவாங்க. ஜன்னலுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்ச ஜில்மில், பலகை பலகையா சரிச்சு வச்சது, வெயிலை வெளிய நிறுத்திட்டு காத்தை மட்டும் உள்ள விடும். தூண் எல்லாம் கல்லு மாதிரி தெரியும், கல்லு கிடையாது, வங்காளத்துல கல்லுக்கு எங்க போறது, செங்கல் அடுக்கி சுண்ணாம்பு பூசி மெருகேத்தினது. கூரைக்கு கடி-பர்கான்னு சொல்லுவாங்க, பெரிய மர உத்தரம், அது மேல குறுக்கால சின்னச் சின்ன கட்டை, அது மேல ஓடு, அது மேல சுண்ணாம்பு கான்கிரீட். நம்ம மெட்ராஸ் டெரஸுக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்குங்க, நம்மது செங்கல்லைச் சாய்ச்சு நிறுத்தி வைக்கிறது, அவங்களுது ஓட்டைப் படுக்க வைக்கிறது. இத்தனையும் காத்து, நிழல், வெளிச்சம் இந்த மூணுக்காகப் பண்ணினது. படிக்கிறவனுக்கும் அதே மூணுதானே வேணும்? ஆளுறதுக்குக் கட்டின வீடு படிக்கிறதுக்கு அவ்ளோ பொருத்தமா அமைஞ்சது அதனாலதான்.

ஆனா மனுஷனுக்குப் பொருந்தினது புத்தகத்துக்குப் பொருந்தல. பிரச்சனை பூரா அங்கதான். நீங்க இன்ஜினியர், எந்த அறை எவ்ளோ பாரம் தாங்கணும்னு சொல்ற இந்தியத் தரக் கோடு இருக்கே, ஐ.எஸ். 875, அதுல ரெண்டாம் பாகம் எடுத்துப் பாருங்க. குடியிருக்கிற வீட்டு அறைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ. லைப்ரரியில புத்தக அலமாரி அடுக்குற ஸ்டாக் ரூமுக்கு 6, அதுவும் 2.2 மீட்டர் உயரத்துக்கு, அதுக்கு மேல போனா மீட்டருக்கு இன்னும் 2 சேர்க்கணும். மூணு மடங்கு எம்! கூட்டம் கூடுற ஹாலுக்கு 5 வச்சிருக்காங்க, சரி ஆட்டத்துக்குக் கட்டின ஹால் தாங்கும்னு நினைப்போம். ஆனா ஆடுறவங்க ராத்திரி ஆடிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. அலமாரி போகாது. வருஷக்கணக்கா அதே இடத்துல நிக்கும், மர உத்தரம் ஒரே பாரத்தை விடாம சுமந்தா நாளாக நாளாக தொய்யும், திரும்ப நிமிராது. அதுக்கு மேல அந்த ஊர் ஈரம். காகிதம் ஈரத்தைக் குடிக்கும், கரையான் வரும், பூச்சி வரும், புத்தகத்துக்காக ஜன்னலை அடைச்சா சுண்ணாம்புச் சுவரு மூச்சு முட்டும், வீட்டுக்காகத் திறந்து விட்டா புத்தகம் நமத்துப் போகும்.

புத்தகமோ வந்துக்கிட்டே இருந்துச்சு. கல்கத்தா யூனிவர்சிட்டிக்குத் துணைவேந்தரா இருந்த அசுதோஷ் முகர்ஜி குடும்பத்துல இருந்து மட்டும் ஏறக்குறைய 80,000 புத்தகம். 1954-ல வந்த சட்டப்படி இந்தியாவுல எந்த மொழியில எந்தப் புத்தகம் அச்சடிச்சாலும் முப்பது நாளுக்குள்ள கல்கத்தாவுக்கு ஒரு பிரதி அனுப்பணும், சென்னை கன்னிமாரா, பம்பாய், டெல்லிக்கும் அனுப்பணும். நம்ம பதிப்பாளருங்க எல்லாரும் ஒழுங்கா அனுப்பறதில்லைங்கறது தனி வருத்தம், அதுக்கு ஒரு கட்டுரை எழுதணும். இன்னைக்கு அங்க இருக்கிறது இருபது லட்சத்துக்கும் மேல. எந்த வீடு தாங்கும்? பக்கத்துல புதுசு புதுசா கட்டிப் பார்த்தாங்க, கடைசியில 2004-ல பாஷா பவன்னு பெரிய கட்டடம், மொத்தமும் அங்க போச்சு. உங்களை அனுப்பினது அங்கதான். காலியான வீட்டைத் தொல்லியல் துறை எடுத்துப் பழுது பார்க்க ஆரம்பிச்சுது, அப்பதான் அந்த மண்ணு ரொப்பின அறை கண்ணுல பட்டுச்சு.

புத்தகம் வெளிய போனது சரிதான், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. என் சண்டை வேற. புத்தகத்தோட சேர்த்து ஏன் வாசகனையும் வெளிய அனுப்பினாங்க? ஐ.எஸ். கோட்லயே பாருங்க, அலமாரி இல்லாம உக்காந்து மட்டும் படிக்கிற அறைக்கு ஸ்டாக் ரூம்ல பாதி பாரம்தான், அந்த ஹால்ல ஆடினவங்க குடுத்த பாரத்தைவிடக் கம்மி. புத்தகம் பாஷா பவன்ல ஏசியில பத்திரமா இருக்கட்டும், கேட்ட புத்தகத்தைத் தள்ளுவண்டியில வச்சு இந்தப் பக்கம் கொண்டு வர எவ்ளோ நேரம் ஆகும், ஒரே காம்பவுண்டு. மேஜையை மட்டும் அந்த ஹால்ல விட்டிருக்கலாம். வீட்டுக்கு எது கேடோ அதை எடுக்கணும், எது கேடே இல்லையோ அதை ஏன் எடுக்கணும்? இப்ப அது மியூசியம், காட்சிக்கூடம்ங்கற பக்கம் போயிட்டு இருக்கு. காட்சிக்கூடத்துல ஜனங்க நடந்துக்கிட்டே பார்த்துட்டு வெளிய வந்துடுவாங்க, நிக்கக்கூட மாட்டாங்க. ஒரு பையன் ஒரு நாள் பூரா ஒரே நாற்காலியில உக்காந்திருக்கிறது வேற.

இதுலயே உங்க மூணாவது கேள்விக்கும் என் பதில் இருக்கு. அடிமையா வச்சிருந்தவன் வீடுதான், சந்தேகமே இல்ல. அதை அவன் ஞாபகத்துக்காகக் காப்பாத்தறதுன்னா எனக்கும் சம்மதம் இல்ல, செலவு பண்ண வேண்டாம், விட்டுடலாம். ஆனா 1953-ல இருந்து அரை நூற்றாண்டு நம்ம ஆளுங்க அங்க உக்காந்து படிச்சிருக்காங்க. ஹேஸ்டிங்ஸ் அந்த வீட்டுல இருந்தது சொற்ப வருஷம், லெப்டினன்ட் கவர்னருங்க எல்லாரும் சேர்ந்து இருந்ததே அறுபது வருஷத்துக்குள்ளதான். கணக்குப் பார்த்தா ஹேஸ்டிங்ஸைவிட, தனித்தனியா எந்த லாட்டையும்விட அதிக காலம் குடியிருந்தது வாசகருங்கதான். அப்புறம் அது யாரு வீடு? இடிச்சா நம்ம வீட்டை நாமளே இடிச்ச மாதிரிதான். கட்டினதும் வெள்ளைக்காரன் இல்லையே, அந்தச் செங்கல்லைச் சுட்டவன், சுண்ணாம்பு அரைச்சவன், உத்தரம் ஏத்தினவன் எல்லாம் யாரு?

நமக்கு அங்க இன்னொரு உறவும் இருக்கு, தமிழ்நாட்டுல பலருக்குத் தெரியாது. வையாபுரிப் பிள்ளை தமிழ் லெக்சிகன்ங்கற பெரிய அகராதிக்குப் பதிப்பாசிரியரா இருந்தவர், 1956-ல காலமானார். வாழ்நாள் பூரா அவர் சேர்த்து வச்ச தமிழ்ப் புத்தகங்களும் ஏடுகளும் கல்கத்தாவுக்குத்தான் போச்சு, வையாபுரிப் பிள்ளை தொகுப்புன்னு அவர் பேர்லயே தனியா இருக்கு. எனக்கு இதைச் சொன்னதே அந்தக் கிழவர்தான், பூதக்கண்ணாடி வச்சிருந்தாரே அவர். நாலஞ்சு ஞாயிறு கழிச்சு ஒரு நாள் வெளிய சாயா குடிக்கும்போது, ஆப்னி மாத்ராஜி? அப்படின்னு கேட்டார். ஆமான்னேன். உங்க ஊர்ப் பெரிய பண்டிதர் ஒருத்தரோட புத்தகம் எல்லாம் இங்க இருக்கு, நீ பார்த்தியான்னார். எனக்கு அப்ப வையாபுரிப் பிள்ளை பேரே அகராதியோட முகப்புல பார்த்ததோட சரி. அடுத்த வாரம் போய் சீட்டு எழுதிக் குடுத்தேன். ஒரு பழைய பதிப்பு வந்துச்சு, ஓரத்துல பென்சில்ல பொடி எழுத்துல பாடபேதம், அதாவது ஏட்டுக்கு ஏடு மாறி வர்ற சொல்லு, குறிச்சிருந்துச்சு. அது அவர் கையா வேற யார் கையா எனக்குத் தெரியாது, ஆனா ஒரு சொல்லுக்காக ஒருத்தர் அவ்ளோ மெனக்கெட்டிருக்கார்னு பார்த்த முதல் தடவை அதுதான். நான் எழுத வந்ததுக்கு அந்தப் பென்சில் கோடு ஒரு காரணம்னு இப்பவும் நினைக்கிறேன்.

உங்ககிட்ட ரெண்டு வேலை சொல்லப் போறேன், நேரம் இருந்தா செய்ங்க. பாஷா பவன்ல வாசகர் கார்டு போட்டுக்குங்க, கார்டு கிடைச்சதும் தமிழ்ப் பிரிவுல அந்தத் தொகுப்பைக் கேட்டு ஏதாவது ஒரு புத்தகம் எடுத்துப் பாருங்க. ரெண்டாவது, அந்தப் பழைய வீட்டு ஹாலுக்குள்ள எப்பவாவது விட்டாங்கன்னா நீள அகலத்தைக் காலால எட்டு வச்சாவது அளந்துட்டு வாங்க. ஒரு மேஜைக்கு ஆறு நாற்காலின்னு வச்சு, ஆள் நடக்க இடம் விட்டு, சதுர மீட்டருக்கு எவ்ளோ பாரம் வரும்னு கணக்குப் போட்டு எனக்கு அனுப்புங்க. மேஜையைத் திரும்பப் போடச் சொல்லி ஒரு மனு எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கிடக்கு, கணக்கு போட்டுக் குடுக்க ஆள் இல்லாம இருந்துச்சு.

அன்புடன்.